உளவுத்துறைப் பிரிவுகளிட உள்வரலாறு எழுத முதல் என்ன செய்யோணும்

பிரிவு பிரிவா வரலாறு எழுதப் போறீங்கள் எண்டா உடன எழுத இருக்காதேங்கோ, ஒரு தாள்ல அந்தப் பிரிவு எப்ப தொடங்கினது, எங்கயெங்க மாறினது எண்டு மட்டும் முதல்ல போடுங்கோ. பிரிட்டிஷ்காரரிட உளவுப் பிரிவான தூரகிழக்கு ஒருங்கிணைந்த பணியகத்தைப் பாருங்கோ, 1935ல ஹொங்கொங்ல தொடங்கி, 1939ல சிங்கப்பூர், 1942 தொடக்கத்தில கொழும்பு, அந்த ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புக்கும் எங்கட திருகோணமலைக்கும் குண்டு போட்ட பிறகு கென்யாவில கிளிந்தினி, 1943ல திரும்பவும் கொழும்பு. இப்பிடி இடம் மாறேக்கதான் பைல் தொலையுறது, அதால எந்தக் காலத்துக்குக் கடதாசி இல்லையோ அந்தக் காலத்தில வேலை செய்த ஆக்களை முதல்ல பிடியுங்கோ, வயசான ஆக்கள், பிறகு பாப்பம் எண்டு விட்டா கிடைக்க மாட்டினம்.

பேட்டியில பெரிய கேள்வி வேண்டாம், காலமை கந்தோருக்கு வந்தா மேசையில முதல்ல என்ன இருக்கும் எண்டு கேளுங்கோ, கதை தானா வரும். பிழைச்சுப்போன வேலையையும் கட்டாயம் எழுதோணும், பிறகு வாற ஆபிசருக்கு அதுதான் தேவை.

இரகசியத் தரத்தை, அதாவது எது எவ்வளவு இரகசியம் எண்டதை, எழுதேக்கயே ஒவ்வொரு பந்திக்கும் போடுங்கோ, கடைசியில போட்டா முழுசும் பூட்டுக்குள்ள போயிடும். இஞ்சத்தைக் கடல் காத்துக்கு பழைய கடதாசியில குத்தின குண்டூசி துருப்பிடிச்சு தாளைத் தின்னும், ஸ்கான் பண்ண முதல் எல்லாத்தையும் கழட்டிப்போடுங்கோ.