கல்லூரி நூலகத்துக்கு சாட் வசதி: எதை எடுப்பது, கோஹாவில் எப்படிப் பொருத்துவது

தேர்வு நெருங்கினால் நூலகத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. பழைய கொஸ்டின் பேப்பர் எங்கே இருக்கிறது, வீட்டிலிருந்து இ-ஜர்னல் ஏன் திறக்கவில்லை, நோ டியூ வாங்க நேரில்தான் வரவேண்டுமா என்று அதே நாலைந்து கேள்விகள். கேட்லாக் பக்கத்திலேயே ஒரு சாட் பெட்டி வைத்தோம், போன் அழைப்பு நன்றாகவே குறைந்தது. வைத்த விதம் இதோ. நூலக மென்பொருளான கோஹாவில் (Koha) அட்மின் உரிமை உங்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் முதலில் போவது வாட்ஸ்அப் பிசினஸ் பக்கம். இலவசம், பிள்ளைகளுக்குப் பழகியதும்கூட. ஆனால் எல்லாம் ஒரே போனை நம்பி ஓடும். கூட நாலு சாதனங்களை இணைக்கலாம்தான். அந்தப் போனை 14 நாள் தொடாமல் விட்டால் அவையெல்லாம் தாமாக லாக் அவுட் ஆகிவிடும். கோடை விடுமுறை முடிந்து வரும்போது இதுதான் நடக்கும். சொந்த எண்ணைக் கொடுத்த நூலகருக்கோ ராத்திரி பதினோரு மணிக்கும் "சார், புக் இருக்கா?" வரும். தவிர, மாணவர்களின் போன் எண்களும் நம்மிடம் வந்து குவியும். ஒரு புத்தகம் ஷெல்ஃபில் இருக்கிறதா என்று கேட்க எண் எதற்கு?

ஸ்பிரிங்ஷேர் நிறுவனத்தின் லிப்சாட் நூலகங்களுக்கென்றே செய்தது. சந்தா கட்ட வசதியுள்ள பல்கலைக்கழகம் என்றால் அதையே எடுங்கள்.

மற்றவர்களுக்கு என் ஓட்டு டாக்.டூ (tawk.to) என்ற சாட் சேவைக்கு. காசு இல்லை, பணியாளர்கள் எல்லோரும் அவரவர் லாகினில் வந்து ஒரே இன்பாக்ஸில் பதில் சொல்லலாம். பெட்டியின் அடியில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும். அதை நீக்கத்தான் பணம். இருந்துவிட்டுப் போகட்டும்.

தானே பதில் சொல்லும் சாட்பாட்? இப்போதைக்கு வேண்டாம். என்ன கேட்கிறார்கள் என்று ஒரு செமஸ்டர் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2. கணக்கும் நேரமும்

கணக்கை நூலகத்தின் பொது மின்னஞ்சலில் தொடங்குங்கள். நாளை நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அது நூலகத்திலேயே இருக்கும். ஷெட்யூலரில் வேலை நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு வெளியே வருபவர்களுக்குக் கேள்வியை எழுதிவைக்கும் படிவம் மட்டும் தெரியட்டும். பச்சை விளக்கு எரிந்தும் பதில் வராத பெட்டிக்கு இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள். சாட் தொடங்கும் முன் நிரப்பச் சொல்லும் படிவத்தில் பெயரும் மின்னஞ்சலும் போதும்.

3. கோஹாவில் ஒட்டுவது

முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது இங்கேதான். அட்மினிஸ்ட்ரேஷன், சிஸ்டம் பிரிஃபரன்சஸ், ஓபேக் (OPAC, அதாவது வாசகர்கள் பார்க்கும் கேட்லாக்) என்று போனால் 'ஓபேக் யூசர் ஜேஎஸ்' (OPACUserJS) என்றொரு பெட்டி இருக்கும். சாட் பெட்டியைக் காட்ட டாக்.டூ தரும் நிரலை அப்படியே அதில் ஒட்டக்கூடாது.

காரணம் இதுதான். அந்தப் பெட்டியில் இருப்பதைக் கோஹா தானே ஸ்கிரிப்ட் டேகுக்குள் (<script> என்ற குறி) வைத்துத்தான் பக்கத்தில் சேர்க்கிறது. டாக்.டூவின் நிரலும் தன் சொந்த ஸ்கிரிப்ட் டேகோடு வருகிறது. உள்ளே இன்னொரு டேக் வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளும். சாட் வராது. அந்தப் பெட்டியில் நீங்கள் முன்பே செய்துவைத்த மற்ற மாற்றங்களும் கூடவே நின்றுபோகும். ஒட்டிய நிரலுக்குக் கீழே ஏதாவது இருந்தால், அது கேட்லாக் பக்கத்தின் அடியில் வெறும் எழுத்தாகக் கொட்டிக் கிடக்கும்.

ஆகவே முதலில் நோட்பேடில் ஒட்டுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள குறிப்பு வரிகள், ஸ்கிரிப்ட் டேகைத் திறக்கும் வரி, மூடும் வரி நான்கையும் நீக்குங்கள். 'வார்' (var) என்ற சொல்லில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் பகுதிதான் மிஞ்ச வேண்டும். அதை ஏற்கெனவே இருப்பதற்குக் கீழே சேர்த்து சேமியுங்கள். பழைய உள்ளடக்கத்துக்கு ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு செய்வது நல்லது. அப்புறம் இன்காக்னிட்டோ சன்னலில் ஓபேக்கைத் திறந்து பாருங்கள்.

4. தயார் பதில்கள்

அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில்களை ஷார்ட்கட்களாகச் சேமித்துவிட்டால், சாய்கோடு தட்டியதும் பட்டியல் வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட் ஆக்சஸ் பதிலில் "பாஸ்வேர்டை இங்கே அனுப்பாதீர்கள்" என்ற வரி கட்டாயம், கேட்காமலே அனுப்புகிறார்கள்.

இந்தப் பதில்களுக்குத் தனியாக ஒரு நகலும் வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்க நூலகங்கள் பல மீபோ என்ற இலவச சாட் பெட்டியை நம்பியிருந்தன. 2012 ஜூனில் கூகுள் அதை வாங்கியது. அடுத்த மாதமே பெரும்பாலான சேவைகளை மூடிவிட்டது. இலவசத்துக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

பின்சேர்க்கை: "வீட்டில் வருகிறது, கல்லூரியில் வரவில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். வளாக ஃபயர்வால் சாட் தளங்களை மொத்தமாகத் தடுத்திருக்கலாம். டாக்.டூ முகவரியை அனுமதிக்கச் சொல்லி நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

இன்னொன்று: போனில் சாட் பொத்தான் ஓபேக்கின் மற்ற பொத்தான்களை மறைக்கிறதாம். விட்ஜெட் தோற்ற அமைப்பில் அதை இடப்பக்கம் மாற்றலாம், கொஞ்சம் மேலே ஏற்றியும் வைக்கலாம்.