சிறு ஊர் நடுநிலைப் பள்ளியில் மாலை மன்றங்களை நடத்துவது எப்படி?

மாலை மன்றங்களைத் திட்டமிட உட்காரும் பலரும் மன்றங்களின் பெயர்களைத்தான் முதலில் எழுதுவார்கள். சிறு ஊர்ப் பள்ளியில் அதைக் கடைசியில் எழுத வேண்டும். மாலையில் தங்கக்கூடிய மாணவர்கள் எத்தனை பேர், அவர்கள் வீடு திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் முதலில் கணக்கெடுங்கள். 60 பேர் மட்டுமே தங்கும் பள்ளியில் ஏழு மன்றங்களைத் தொடங்கினால், கால்பந்துக்குப் போக வேண்டிய மாணவியையே நாடகமும் அறிவியலும் அழைத்துக்கொண்டிருக்கும். ஆசிரியர்களுக்குள் மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஆகவே மூன்று மன்றங்கள் போதும். அவற்றை வெவ்வேறு நாள்களில் வைத்தால், விரும்புகிறவர்கள் மூன்றிலும் சேரலாம். பெரிய பள்ளிகளில் எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது.

கடைசி மணி அடித்ததும் வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைக்காதீர்கள். நாள் முழுதும் இருக்கையில் இருந்த பிள்ளைகளை முதலில் அரை மணி நேரம் ஓடியாட விடுங்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் பாதி இங்கேயே நிறைவேறிவிடும்.

அடுத்து வரும் படிப்பு நேரத்தில் பாடத்தை மறுபடி நடத்துவது வீண் வேலை. புத்தகத்தை மூடச் சொல்லி, அன்று கற்றதில் நினைவிலிருப்பதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதை அவர்களே நிரப்பட்டும். கற்றது தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எர்மான் எபிங்காஸ் 1885-இல் தம்மையே சோதித்து வெளியிட்டார். எனவே அதே பாடத்தை இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் இவ்வாறே எழுத வைக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆறாம் வகுப்பினருக்கு விளக்கச் சொல்வதும் நல்ல பலன் தரும். விளக்குகிறவர்தான் அதிகம் கற்கிறார் என்பது என் அனுபவம்.

மன்றத்தின் வேலை வகுப்புப் பாடத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அறிவியல் மன்றத்துக்கு மழைமானியைப் போல மலிவான கருவி வேறில்லை. பக்கங்கள் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள ஒரு பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். மரத்தின் நிழலிலோ சுவரின் அருகிலோ வைக்காமல், தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் பெய்யும் 1 மில்லிமீட்டர் மழை சரியாக 1 லிட்டர் நீர். இதைச் சொல்லிவிட்டு, 25 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட தட்டையான கூரையில் 8 மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு நீர் சேரும் என்று கேளுங்கள். 2,400 லிட்டர் என்ற விடை வரும்போது, பரப்பளவு என்பது வெறும் சூத்திரமாக இருக்காது.

மழையில்லாத நாள்களில் ஊசல் கட்டலாம். 1 மீட்டர் நூலில் தொங்கும் குண்டு ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2 விநாடியும், 25 சென்டிமீட்டர் நூலில் 1 விநாடியும் ஆகும். குண்டு கனமானால் வேகமாக ஆடும் என்று பாதிப் பேராவது அடித்துச் சொல்வார்கள். உடனே திருத்தாதீர்கள், ஊகத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பத்து அலைவுகளை எண்ணிப் பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். ஊசலே அவர்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

மதிப்பெண் குறைந்தவர்களை மன்றத்திலிருந்து நிறுத்தும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பள்ளிக்கு விருப்பத்துடன் வர அவர்களுக்கு இருக்கும் ஒரே காரணம் அதுவாகவே இருக்கலாம். அதற்குப் பதிலாக, அவர்களின் தூக்கத்தை விசாரியுங்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறங்க வேண்டும். விழிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், ஒத்திகை எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வருகைப் பதிவேட்டில் வந்த நேரத்துடன் புறப்பட்ட நேரத்தையும், யாருடன் சென்றார்கள் என்பதையும் குறியுங்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் இதைத்தான் முதலில் கைவிடுவார்கள்.