டர்போவைக் கழற்றும் முன் சோப்பு நீரைக் கலக்குங்கள்

டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி) பொருத்திய வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், பானட்டைத் திறப்பதற்குள் "டர்போ போய்விட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். நான் மலேசியாவின் பேராக்கில், பீடோர் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். நீராவி அழுத்தம் குறைந்தால் கொதிகலனை மாற்று என்று எங்கள் ஆலையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். எந்த இணைப்பில் கசிகிறது என்று முதலில் தேடுவார்கள். காருக்கும் அதே வரிசைதான்.

என் அக்காள் மகன் ஓட்டுவது புரோட்டோன் சுப்ரிமா எஸ். 2013-இல் வந்த ஹேட்ச்பேக், 1561 சிசி டர்போ எஞ்சின், 138 குதிரைத்திறன். அதைவிட முக்கியமான எண் இன்னொன்று: 205 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே வந்துவிட வேண்டும், 4000 வரை நிற்க வேண்டும். 2000-இல் தூங்கி, 3500-க்கு மேல்தான் விழிக்கிறது என்றால், காற்று எங்கோ வழியில் கசிகிறது என்றே நான் முதலில் சந்தேகிப்பேன்.

காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகி எஞ்சின் எண்களைக் கைப்பேசியில் காட்டும் மலிவான புளூடூத் ஸ்கேனர் ஒன்று போதும். எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி, இன்டேக் அழுத்தத்தைப் பாருங்கள். எங்கள் ஊர் தாழ்நிலம், 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சென்சாரையே சந்தேகியுங்கள். எஞ்சின் ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, 30 முதல் 40 வரை. பிறகு ஏற்றத்தில் முழுதாக மிதித்துப் பார்க்க வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய சாலை இதற்கு நல்லது. ஆனால் எண்ணைப் படிப்பவர் பக்கத்து இருக்கையில்தான் இருக்க வேண்டும், அந்த வளைவுகளில் ஓட்டுநருக்குக் கண் சாலையில்தான். இந்த எஞ்சினின் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம், 0.75 பார்; ஸ்கேனரில் ஏறத்தாழ 175 கிலோபாஸ்கல் வர வேண்டும். 130-ஐத் தாண்டாமல் நின்று, பூஸ்ட் குறைவு என்று சொல்லும் பி0299 என்ற குறியீடும் விழுந்திருந்தால், அடுத்த வேலை வீட்டு வாசலில்.

கசிவுச் சோதனைக் கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸின் உள்விட்டத்தை அளந்து, அதில் இறுக்கமாக நுழையும் பிவிசி மூடி ஒன்றை வன்பொருள் கடையில் வாங்குங்கள். அதன் நடுவில் 11.5 மில்லிமீட்டர் துளையிட்டு, டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றை உள்ளிருந்து இழுத்துப் பொருத்துங்கள். மூடியை ஹோஸில் நுழைத்து கிளாம்பால் முறுக்குங்கள். எஞ்சினிலிருந்து அந்த ஹோஸுக்கு வரும் மூச்சுக்குழாயைக் கழற்றி, இரு பக்கத் துளைகளையும் அடைத்துவிட வேண்டும். மறந்தால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் (எஞ்சினின் அடிக்கூடு) போய் எண்ணெய் சீல்களைத் தள்ளும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கால் பம்பு போதும், 0.5 பாருக்கு மேல் வேண்டாம். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் கல்லைப் போலப் பறக்கும்.

இப்போது பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, தெளிப்பானால் ஒவ்வொரு இணைப்பிலும் அடியுங்கள். இன்டர்கூலரின் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) இரு முனைகள், அதன் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் மடிப்பு, திராட்டில் பாடி (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு) வாய், மிதியை விட்டதும் மிகுந்த காற்றைத் திருப்பிவிடும் டைவெர்டர் வால்வின் அடி. பெரிய ஓட்டை சீறும், காதே கண்டுபிடித்துவிடும். சின்னக் கசிவுதான் ஏமாற்றும்: கிளாம்பின் கீழ்ப்பக்கத்தில் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதி, உடையாமல் நுரையாகக் குவியும். எக்ஸாஸ்ட் பக்கம் மெல்லிய சீற்றம் கேட்டால் பதற வேண்டாம், திறந்திருக்கும் எஞ்சின் வால்வு வழியாகப் போகும் காற்று அது. கிராங்க் போல்ட்டை ஸ்பானரால், எஞ்சின் சுழலும் திசையில் கொஞ்சம் திருப்பினால் மாறிவிடும்.

மெல்லிய வெற்றிடக் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். தோட்டத்து வீடுகளில் இது கட்டாயம். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அதற்காகத்தான் தோட்டங்களில் ஆந்தைக் கூண்டு கட்டி வைக்கிறார்கள். ஆந்தை பானட்டுக்குள் வந்து வேட்டையாடாது! பூஸ்ட் அளவை மீறாமல் எக்ஸாஸ்ட்டைத் திறந்துவிடும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ரப்பர் குழாயில் இரண்டு பல் தடம் இருந்தாலே பூஸ்ட் கட்டுப்பாடு குலைந்துவிடும். மீட்டர் கணக்கில் விற்கும் சிலிக்கோன் குழாய் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

கசிவே இல்லையென்றால் மட்டும் டர்போவைப் பாருங்கள். இன்டேக் பக்கம் ஹோஸைக் கழற்றி, டர்போ இறக்கையின் சாஃப்ட் (அச்சு) நுனியை இரு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடும். எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் சாஃப்ட் அது, ஆடத்தான் வேண்டும். முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய கீறல் இருந்தாலோதான் ஆயுள் முடிந்தது. நீலப் புகை வருகிறது என்பதற்காகவும் டர்போவை உடனே குற்றம் சொல்லாதீர்கள். கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலோ, எண்ணெய் திரும்பி வடியும் குழாய் நசுங்கியிருந்தாலோ நல்ல டர்போவும் எண்ணெய் கக்கும். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதி. வெள்ளைப் புகையில் இனிப்பு வாடை வந்தால் கூலன்ட். வண்டியை அதன்பின் ஓட்டாதீர்கள்.

இனி மாற்றங்கள். "புளோ-ஆஃப் வால்வு போடலாமா மாமா?" என்பதுதான் மருமகனின் முதல் கேள்வி. மிதியை விட்டதும் மிகுந்த காற்றைச் சீறலோடு வெளியே விடும் வால்வு அது. சத்தம் மட்டுமே, வேகம் இல்லை. காற்றோட்ட அளவி உள்ள வண்டிகளில், அளந்த காற்றை வெளியே விட்டால் கலவையும் கெடும். காசு செலவழிக்க ஆசையென்றால் நல்ல போல்ட் கிளாம்புகள், மூச்சுக்குழாயில் வரும் எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கேட்ச் கேன், ஒரு பூஸ்ட் மீட்டர். ஏர் ஃபில்டரை அசல் காகித வகையிலேயே விட்டு அடிக்கடி மாற்றுங்கள்; லாரி ஓடும் செம்மண் சாலையில் திறந்த ஃபில்டர் வைப்பவனுக்கு டர்போ இறக்கையின் விலை தெரியாது.

கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலரை வேண்டவே வேண்டாம் என்பேன். அழுத்தம் ஏறும், ஆனால் இக்னிஷன் நேரத்தை யாரும் அதற்கேற்ப மாற்றவில்லை. நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) வந்தால் போவது பிஸ்டன். பூஸ்ட் கூட்டுவதென்றால் வண்டியை டைனோவில் (சக்தியை அளக்கும் உருளை மேடை) ஏற்றி, ஈசியூவை (எஞ்சினின் கணினி) திருத்துபவரிடம் போங்கள். ஒரு படி குளிர்ந்த (சூட்டை வேகமாகக் கடத்தும்) ஸ்பார்க் பிளக், குறைத்த பிளக் இடைவெளி, ரோன் 97 பெட்ரோல் ஆகியவற்றை அவரே கேட்பார். சுப்ரிமாவில் இருப்பது பட்டையும் கப்பியும் கொண்ட சிவிடி கியர் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள். கூடுதல் முறுக்கு விசையில் முதலில் வழுக்குவது அதன் எஃகுப் பட்டைதான். எக்ஸாஸ்ட், எஞ்சின் போன்றவற்றில் கை வைக்கும் முன் எதற்கு அனுமதி வேண்டும் என்று ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) கேட்டுக்கொள்ளுங்கள். சாலைத் தடுப்பில் நின்று வாதாடுவதைவிட அது மலிவு.