பெட்டிவர் கேட்டபடி ஒரு செடியை உலர்த்துவது

லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர், சேகரிக்கும் முறையைச் சிறு அறிக்கையாக அச்சிட்டுக் கப்பல் மருத்துவர்களிடமும் மாலுமிகளிடமும் கொடுத்தனுப்பி, தாம் காணாத கரைகளின் செடிகளையெல்லாம் வரவழைத்துக்கொண்டவர். அவர் 1718இல் இறந்தார். அந்த முறையை இன்றும் வீட்டில் செய்துபார்க்கலாம்.

பூவோ காயோ விதையோ உள்ள கிளையை எடுக்க வேண்டும். வேரருகே உள்ள இலை மேலே உள்ளதிலிருந்து மாறுபட்டால் இரண்டையும் எடுக்க வேண்டும் என்கிறார். முதன்முதலாகச் செய்பவருக்குத் தும்பை ஏற்றது. வேரோடு பிடுங்க வரும், நீர்ப்பிடிப்பும் குறைவு. எருக்கையும் கற்றாழையையும் கை பழகிய பின் பார்த்துக்கொள்ளலாம்.

பறித்தவுடனே செடியைத் தாளுக்குள் வைத்துவிட வேண்டும். பழுப்புத் தாளைத் தைத்துக் கையோடு எடுத்துச் செல்லச் சொன்னார் பெட்டிவர். நமக்குப் பழைய செய்தித்தாள் போதும், ஆனால் வழவழப்பான வார இதழ்த் தாள் ஈரத்தை இழுக்காது. ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியும்படி திருப்பி வையுங்கள். தும்பையின் வெள்ளைப் பூ தொட்டாலே கழன்றுவிடும் என்பதால், உதிர்ந்தவற்றைச் சிறு காகித மடிப்பில் இட்டுச் செடியின் பக்கத்திலேயே வைத்து, மேலே ஒரு பலகையும் நான்கு செங்கல்லும் ஏற்றுங்கள்.

செடியும் தாளும் அழுகாதிருக்க அவ்வப்போது தாளை மாற்றச் சொல்கிறார். நம் காற்றின் ஈரத்துக்கு 'அவ்வப்போது' போதாது, முதல் ஐந்து நாள் தினமும் மாற்ற வேண்டும். கார்த்திகை மழையில் மூன்று நாள் மறந்துபோய், தும்பைக்குப் பதிலாகச் சாம்பல் நிறப் பூசணத்தைத்தான் நான் திறந்து பார்த்தேன்.

என் கணிப்பில், செடியைவிட அதனோடு வைக்கும் குறிப்புச் சீட்டே முக்கியம். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரவுன் 1696இல் சுற்றுவட்டாரச் செடிகளைச் சேகரித்தபோது, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் குறித்து அனுப்பினார். பெட்டிவரின் குறிப்புகளோடு அவை லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன. (அக்கால ஆங்கிலேயர் தமிழை 'மலபார்' மொழி என்றே எழுதினர்.) ஆகவே ஊர், தேதி, மண், செடியின் உயரம், அங்குள்ளவர் வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் கரையும். பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே குறித்துவிட வேண்டும், ஏனெனில் காய்ந்தபின் சங்குப்பூவின் நீலம்கூட மங்கிவிடும், பின்னாளில் அதைப் பார்த்து வரைபவருக்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு துணை இல்லை.

இரண்டு வாரத்தில் தண்டு வளையாமல் ஒடியும் பதம் வரும். பெட்டிவரின் சேகரத்தை வாங்கிய லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் உலர்செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் புத்தகமாகக் கட்டிய தொகுதிகளாகவே இருக்கின்றன. ஆனால் அப்படிக் கட்டியதை இடம் மாற்றி அடுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு செடியையும் தனித்தனிக் கெட்டித் தாளில் மெல்லிய காகிதப் பட்டைகளால் பொருத்தி, சீட்டை வலது கீழ்மூலையில் ஒட்டி, பூச்சி அண்டாத பெட்டியில் வையுங்கள்.