திகில் படங்களைப் பாடமாகப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திகில் திரைப்படங்களை முறையாகப் படிக்கத் தொடங்குவோரில் பலர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். தனித்து நிற்கும் வீடு, திடீரென்று அணையும் விளக்கு, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாத இளைஞர்கள், கடைசியில் உயிர்தப்பும் பெண் என்று அதில் கூறுகள் வரிசையாக இருக்கும். எந்தப் படத்தில் எவை உள்ளன என்று குறித்துக்கொண்டே போனால் இந்த வகைமை பிடிபட்டுவிட்டதாக ஒரு நிறைவும் வந்துவிடும். ஆனால் இன்று மரபு என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் ஒரு நாள் ஏதோ ஒரு படத்தில் புதிதாக முளைத்ததுதான் என்பது அந்தப் பட்டியலில் தெரிவதில்லை.

சூரிய ஒளி பட்டால் இரத்தக் காட்டேரி அழிந்துபோகும் என்பதையே எடுத்துக்கொள்வோம். இதைத் தொன்றுதொட்டு வந்த நாட்டார் நம்பிக்கை என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம். 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். அவனுடைய ஆற்றல் குறைகிறதே தவிர, உயிர் போவதில்லை. விடியல் வெளிச்சத்தில் காட்டேரி கரைந்து மறையும் முடிவு, அந்த நாவலை உரிமை பெறாமலேயே தழுவி முர்னாவ் 1922-இல் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தில்தான் வருகிறது. ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் அந்தப் படத்தின் பிரதிகளை அழிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. தப்பிய சில பிரதிகளின் வழியே படம் பிழைத்தது. அது கொண்டுவந்த முடிவோ பின்னாளில் எழுதப்படாத சட்டமாகவே ஆகிவிட்டது.

கடைசியில் உயிர்தப்பும் பெண்ணைக் குறிக்கும் 'இறுதிப் பெண்' என்ற கருத்தையும் இதே போல முன்தேதியிட்டுப் பயன்படுத்துகிறார்கள். திரைப்பட ஆய்வாளர் கேரல் குளோவர் 1987-இல் எழுதிய கட்டுரையில் அறிமுகப்படுத்திய சொல் அது; 1978-இல் 'ஹாலோவீன்' எடுத்தவர்கள் முன்னால் அப்படியொரு விதி இருக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை, ஒழுக்கமான பெண் பிழைப்பாள், மற்றவர்கள் சாவார்கள் என்று அவருடைய வாதத்தையே சுருக்கிவிடுவது. இளம் ஆண்கள் நிறைந்த ஓர் அரங்கம் திரையிலுள்ள பெண்ணோடு தன்னை எப்படி ஒன்றுபடுத்திக்கொள்கிறது என்பதே குளோவர் முதன்மையாக ஆராய்ந்த கேள்வி. மேற்கோள் காட்டுபவர்களில் எத்தனை பேர் மூலக் கட்டுரையைப் படித்திருப்பார்கள் என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

அதிகம் பேசப்படாத, ஆனால் மிக அடிப்படையான தவறு ஒன்று உண்டு: தாம் பார்த்தது படத்தின் எந்தப் பிரதி என்று கேட்காமல் எழுதுவது. 'நோஸ்ஃபெராட்டு'வின் இரவுக் காட்சிகள் பல பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டு, பிரதியில் நீல நிறம் ஏற்றி இரவாக்கப்பட்டவை. நிறம் போன கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பார்ப்பவருக்குக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்து நடப்பதுபோல் தோன்றும். அவர் அதை இயக்குநரின் கவனக்குறைவு என்றோ, கனவுத்தன்மை என்றோ விளக்கப் புகுவார். 1931-இல் வந்த 'டிராகுலா'வில் தொடக்கத்தில் 'அன்ன ஏரி' பாலே நாடகத்தின் இசை ஒலித்தபின், பின்னணி இசை ஏறத்தாழ இல்லவே இல்லை. பிலிப் கிளாஸ் 1990-களின் இறுதியில் அதற்கு இசையமைத்தார். அந்த வடிவத்தைப் பார்த்துவிட்டு 1931-ஆம் ஆண்டின் இசை மரபைப் பற்றி எழுதினால் கட்டுரை முழுவதும் சரிந்துவிடும்.

அதே ஆண்டின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' இன்னும் கூர்மையான பாடம். விஞ்ஞானி ஒருவர் உருவாக்கிய பூதம் ஏரிக்கரையில் ஒரு சிறுமியோடு பூக்களை நீரில் வீசி விளையாடுகிறது; பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவளைத் தூக்கி நீரில் எறிகிறது. தணிக்கைக்காக இந்தப் பகுதி வெட்டப்பட்டபோது, பூதம் சிறுமியை நோக்கிக் கைநீட்டும் இடத்திலேயே காட்சி நின்றுபோனது. அடுத்து நாம் பார்ப்பது, மகளின் உடலைச் சுமந்துவரும் தந்தையை. இடையில் நடந்ததைப் பார்வையாளர் தாமாகவே, மிகக் கொடியதாகவே நிரப்பிக்கொண்டார்கள். வெட்டிய பகுதி 1980-களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆகவே பூதத்தின் அறியாமையைப் பற்றி எழுதியவர்களும் அதன் கொடூரத்தைப் பற்றி எழுதியவர்களும் ஒரே படத்தைப் பார்த்தவர்கள் அல்லர்.

காட்சியைப் பற்றி எழுதிவிட்டு ஒலியை விட்டுவிடுவது மற்றொரு குறை. 1942-இல் ஜாக் தூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் ஆலிஸ் ஒரு சுவரையொட்டித் தனியாக நடக்கிறாள், சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சும் ஐரீனா பின்தொடர்கிறாள். விளக்குக் கம்பங்களின் வட்ட வெளிச்சங்களுக்குள் இருவரும் மாறிமாறி வந்து மறைகிறார்கள். இரண்டு சோடிக் காலணிகளின் ஓசை மட்டும் கேட்கிறது, இசை இல்லை. பிறகு ஒரு சோடியின் ஓசை நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், விரைகிறாள், ஓடுகிறாள். விலங்கின் சீறலைப் போன்ற ஓசையோடு திரையின் ஓரத்திலிருந்து பாய்ந்து நிற்பது ஒரு பேருந்து. மாணவர்கள் அந்தப் பேருந்தை மட்டும் குறித்துக்கொண்டு 'திடுக்கிடச் செய்யும் உத்தி' என்று பெயரிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் அந்தக் காட்சியின் உண்மையான வேலை, ஐரீனாவின் காலடி ஓசை நின்றுபோன நொடியிலேயே முடிந்துவிட்டது.

கொலையாளி ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுபோகும் வகையில் எது முதல் படம் என்ற வழக்கில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 'ஹாலோவீன்' என்பார் ஒருவர், 1974-இன் 'பிளாக் கிறிஸ்துமஸ்' என்பார் இன்னொருவர், 1960-இன் 'சைக்கோ' என்பார் மூன்றாமவர். அதே 1960-இல் 'சைக்கோ'வுக்கு முன்பே 'பீப்பிங் டாம்' வந்துவிட்டது.

ஒவ்வொரு படத்தையும் அதன் காலச் சமூக அச்சத்தின் கண்ணாடியாக மட்டும் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. 1968-இன் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் அமெரிக்காவின் நிறவெறியும் போரும் தெரிவது உண்மைதான். ஆனால் அந்தப் படம் அக்டோபரில் வெளியானது, வயதுவாரியான தரச்சான்று முறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது நவம்பரில் என்பதையும் கணக்கில் கொண்டால்தான், அதைப் பார்க்கச் சிறுவர்கள் எப்படி அரங்குக்குள் அமர்ந்திருந்தார்கள் என்பது விளங்கும்.

ஒப்பிட்டுப் படிக்க விரும்புவோர் தொலைவிலுள்ள இரண்டு படங்களைத் தேடிப் போகிறார்கள்; அருகிலேயே ஓர் இணை இருப்பதைக் காண்பதில்லை. 1931-இல் வெளிவந்த ஆங்கில 'டிராகுலா' பகலில் எடுக்கப்பட்ட அதே படப்பிடிப்பு அரங்குகளில், இரவில் வேறு நடிகர்களைக் கொண்டு ஸ்பானிய மொழி வடிவம் ஒன்றும் படமாக்கப்பட்டது. அது ஆங்கிலப் படத்தைவிட ஏறத்தாழ அரை மணி நேரம் நீளமானது. கோட்டையின் படிக்கட்டில் டிராகுலா நிற்கும் காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்: கதையும் படிக்கட்டும் ஒன்றுதான், ஆனால் ஸ்பானிய வடிவத்தில் கேமரா படிகளின் மேலே அவனை நோக்கி ஏறிச் செல்கிறது.