வன்னிப் பாடசாலை மைதானங்களில் ஒரு பின்கள வீரரை இனங்காணும் முறை

உதைபந்தாட்டத்தில் பின்கள வீரரைத் தெரிவு செய்வதற்காக மைதானத்துக்குப் போகிறவர், பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். முன்கள வீரரை இனங்காண அந்தப் பழக்கம் போதும். அவர் அடிக்கும் கோல் எல்லோருக்கும் தெரிகிறது, அதற்குக் கணக்கும் இருக்கிறது. பின்கள வீரர் நன்றாக விளையாடினால் அவர் நிற்கும் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது: எதிரணி அந்தப் பக்கத்தால் வருவதை நிறுத்திவிடும், பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும், வேப்பமர நிழலில் நின்று பார்க்கிற சனம் அவருடைய பெயரைக்கூட விசாரிக்காது. ஆகவே தெரிவாளர் பார்க்க வேண்டியது, பந்து இல்லாத நேரத்தில் அந்தப் பையன் எங்கே நிற்கிறான், ஏன் அங்கே நிற்கிறான் என்பதைத்தான்.

இதை நான் பிழை விட்டே படித்தேன். பல வருடங்களுக்கு முன்னர், மழை பெய்து ஓய்ந்த ஒரு மைதானத்தில் நடந்த வலயமட்டப் போட்டியில், சறுக்கிச் சறுக்கிப் பந்தைப் பறித்த ஒரு பையனைக் கண்டு மயங்கி, மாவட்ட அணிக்கான பட்டியலில் அவனுடைய பெயரை முதலாவதாக எழுதினேன். அடுத்த கட்டத்தில் வேகமான முன்கள வீரர்கள் அவன் சறுக்கும்வரை காத்திருந்து, பந்தை ஒரு அடி தள்ளிவிட்டு அவனுடைய காலில் விழுந்தார்கள். ஒரே ஆட்டத்தில் இரண்டு தண்ட உதைகள். அதே பாடசாலையின் மற்றப் பக்கத்தில் விளையாடிய பையன் அன்று ஒருதரம்கூட விழவில்லை என்பதும், அவனுடைய சட்டையில் சேறே இருக்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன. சறுக்குவது இடத்தைத் தவறவிட்டவன் கடைசியாகக் கையில் எடுக்கும் வழி என்பதால், ஒரு பையன் அடிக்கடி சறுக்கினால் அவன் அதற்கு முந்திய ஐந்து விநாடிகளில் எங்கே நின்றான் என்று இப்போது திரும்பி யோசிக்கிறேன்.

ஒரு ஆட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். குறைந்தது மூன்று ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது அவனுடைய அணி தோற்கக்கூடிய பலமான எதிரணியுடன் இருக்க வேண்டும், ஏனெனில் எட்டுக் கோல் வித்தியாசத்தில் வெல்லும் அணியின் பின்களத்தில் நிற்பவனைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு இருபது நிமிடத்தை அவனுக்கென்று ஒதுக்கி, பந்து எங்கே போனாலும் அவனை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பக்க எல்லைக்கோட்டருகே இருக்கும்போது அவன் நடுப்பக்கமாக ஒடுங்கி வருகிறானா, அல்லது தன்னுடைய ஆளைப் பிடித்துக்கொண்டு கோட்டோரத்திலேயே நிற்கிறானா என்று குறித்துக்கொள்ளுங்கள். பந்து வருவதற்கு முன்னர் தோளுக்கு மேலால் எத்தனை தரம் பின்னால் திரும்பிப் பார்க்கிறான் என்பதையும் எண்ணுங்கள். பார்க்காமலே நிற்பவன் நல்ல வேகக்காரனாக இருந்தாலும், பெரிய ஆட்டங்களில் முதுகுக்குப் பின்னால் வரும் ஆளிடம் ஏமாறுவான். நிற்பதற்கு நல்ல இடம் கோல் கம்பத்துக்குப் பின்னால், சற்றுச் சரிவாக. அங்கிருந்து பார்த்தால் பின்வரிசையில் நிற்பவர்களுக்கிடையிலான இடைவெளி தெரியும். எங்கள் மைதானங்கள் பலவற்றில் பார்வையாளர் மேடை கிடையாது என்றாலும், உழவு இயந்திரப் பெட்டி ஒன்று எப்படியும் நிற்கும். அதில் ஏறி நின்றால் வேண்டிய உயரம் கிடைத்துவிடும்.

ஒருவனுக்கு ஒருவன் எதிர்ப்படும் கணத்தைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். பந்துடன் ஓடி வருபவனை நோக்கி நல்ல பின்கள வீரன் முதலில் வேகமாக ஓடுவான். ஏறத்தாழ இரண்டு மீற்றர் தூரத்தில் வேகத்தைக் குறைத்து, முழங்கால்களை மடித்து, உடம்பைப் பாதி திருப்பி, சின்னச் சின்ன அடிகளாகப் பின்வாங்குவான். அவனுடைய கண் எதிராளியின் இடுப்பிலோ தோளிலோ அல்ல, பந்திலேயே இருக்கும். இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்து நேருக்கு நேராக நிற்பவனைக் கால்களுக்கிடையால் கடந்துவிடலாம். ஒரு பாதத்தை முன்னால் வைத்து நிற்பவன் எதிராளியைத் தான் விரும்பிய பக்கத்துக்குத் தள்ளுகிறான். அண்மையில் ஒரு பையன் முழு ஆட்டத்திலும் இரண்டு தரம்தான் பந்தில் கால் வைத்தான். "தம்பி, ஏன் அவனிட்டப் பந்தைப் பறிக்கப் போகேல்லை?" என்று கேட்டேன். "உள்ளுக்கு வந்தாத்தானே சேர் அடிப்பான். கோட்டுப் பக்கமா விட்டுட்டுக் கூடப் போனனான்" என்றான். அந்தப் பதிலுக்காகவே அவனை அடுத்த ஆட்டத்திலும் பார்க்கப் போனேன்.

விதியறிவைச் சோதிக்கப் பயிற்சிக் கூடம் தேவையில்லை, எதிரணியின் கை எறிதல் போதும். கை எறிதலிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெறுபவருக்கு ஓஃப்சைட், அதாவது எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்தைப் பெறும் குற்றம், இல்லை. மூலை உதைக்கும் கோல் உதைக்கும் அப்படியே. ஆனாலும் எங்கள் பாடசாலை அணிகள் பலவற்றில், எறிதலின்போது பின்வரிசை முழுதும் "ஏறு, ஏறு" என்று முன்னால் போய்க் கையை உயர்த்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். அந்த வேளையில் தனியொருவன் பின்னால் நின்று ஆளைப் பிடித்திருந்தால் அவனுடைய பெயரை உடனே எழுதுங்கள். சக வீரர் வேண்டுமென்று காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992 முதல் இருக்கிறது. கோல் உதை எடுக்கும்போது சக வீரர் தண்டப் பகுதிக்கு உள்ளேயே பந்தைப் பெறலாம் என்ற மாற்றம் 2019 இல் வந்தது. இந்த இரண்டினாலும் இன்றைய பின்கள வீரன் நெருக்கடியில் பந்தை வாங்கி, திரும்பி, நிதானமாகக் கொடுக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். பந்து காலுக்கு வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு அடிப்பவனைச் சனம் ஆரவாரத்துடன் பாராட்டும். நீங்கள் அவனுக்கு இடது காலாலும் நிதானமாகப் பந்தைக் கொடுக்கத் தெரியுமா என்று பாருங்கள்.

வன்னியின் நிலத்தையும் காற்றையும் கணக்கில் எடுக்காமல் ஒருவனை மதிப்பிட முடியாது. கோடையில் கிறவல் மைதானத்தில் பந்து எதிர்பாராத உயரத்துக்குத் துள்ளும். சோளகம் வீசும் மாதங்களில் உயரப் பந்து காற்றோடு வளைந்து, காத்திருப்பவனின் தலைக்கு மேலால் போகும். பந்து நிலத்தில் படும்வரை காத்திருப்பவன் ஏமாறுவான். இரண்டு அடி முன்னதாகவே வந்து, துள்ளுவதற்கு முன் தலையால் முட்டுபவன் நிலத்தைப் படித்தவன். ஐப்பசிக்குப் பிறகு சேற்றில் நடக்கும் ஆட்டங்களில் எல்லோருமே மெதுவாக ஓடுவார்கள், ஆகவே அந்த ஆட்டங்களை வைத்து வேகத்தைத் தீர்மானிக்க வேண்டாம். மைதானத்தின் அளவும் ஏமாற்றும். விதிப்படி நீளம் 90 முதல் 120 மீற்றர், அகலம் 45 முதல் 90 மீற்றர் வரை இருக்கலாம். கிராமப் பாடசாலை மைதானம் அதைவிடச் சிறிதாக இருந்தால் பின்வரிசைக்குப் பின்னால் இடமே இருக்காது, மெதுவாக ஓடும் பையனின் குறையும் வெளியே வராது. அவனைக் கிளிநொச்சி விளையாட்டரங்கு போன்ற முழு அளவான புல்தரையில் ஒருதரம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. வெறுங்காலுடன் விளையாடிப் பழகியவனுக்கு ஆணிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்த அன்றே தெரிவுப் போட்டி வைப்பது அநியாயம். ஓரிரு கிழமையாவது பழக விடுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வயதுப் பிரிவு ஜனவரி 1 ஐ வைத்துக் கணிக்கப்படுகையில், தை மாதம் பிறந்தவன் அதே ஆண்டு மார்கழியில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். பதினைந்து வயதில் அந்த வித்தியாசம் தலையால் முட்டும்போது பெரிதாகத் தெரியும், இருபதில் தெரியாது. ஆகவே பிறந்த திகதியைப் பார்த்த பிறகே உடல்வாகை எழுதுங்கள். தகப்பன் தாயின் உயரத்தையும் ஒருதரம் கவனியுங்கள். ஓட்டச் சோதனையாக 30 மீற்றர் நேரோட்டம் மட்டும் வைப்பது போதாது. ஐந்து மீற்றர் பின்னோக்கி ஓடி, கை தட்டியவுடன் திரும்பி, பதினைந்து மீற்றர் முன்னோக்கி ஓடச் சொல்லுங்கள். வலப்பக்கமாக ஒருதரம், இடப்பக்கமாக ஒருதரம். பலர் ஒரு பக்கத்துக்குத்தான் நன்றாகத் திரும்புவார்கள், கெட்டிக்கார முன்கள வீரன் மற்றப் பக்கத்தை அரை மணித்தியாலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவான்.

வாய் திறக்காத பின்கள வீரன் பாதி வீரன்தான். "ஆள் வருது", "விடு", "என்ர" என்ற மூன்று சொற்களும் எப்போது, எந்தக் குரலில் வருகின்றன என்று கேளுங்கள். அவனுடைய பிழையால் கோல் விழுந்தபின் வரும் ஐந்து நிமிடங்களைத் தவற விடாதீர்கள்; கோல் காப்பாளரைத் திட்டுகிறானா, ஒளிந்து நிற்கிறானா, அடுத்த பந்தைக் கேட்கிறானா என்பது உடற்கல்வி ஆசிரியர் தரும் நற்சான்றிதழைவிட அதிகம் சொல்லும். ஆசிரியரிடம் கேட்க வேண்டியது வேறு: பயிற்சிக்கு எப்படி வருகிறான், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அறுவடைக் காலத்தில் எத்தனை நாள் வராமல் நிற்கிறான். ஒழுங்காக வராதவன் என்று பெயர் எடுத்த சிலர், விசாரித்துப் பார்த்தால், பதினைந்து கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருபவர்களாக இருப்பார்கள்.

கைத்தொலைபேசியில் பதிவு செய்வதானால், பந்தைத் துரத்தாமல் பின்வரிசை நான்கு பேரும் எப்போதும் தெரியும்படி பிடியுங்கள். கோலைத் தடுத்த காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய மூன்று நிமிடத் தொகுப்பால் பயிற்றுநருக்குப் பயனில்லை. ஒரு முழுப் பாதியை வெட்டாமல் அனுப்புங்கள், அவன் விட்ட பிழையும் அதில் இருக்கட்டும்.

தெரிவு செய்த பையனின் மேற்படிப்பையும் யோசிக்க வேண்டும். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள், அமெரிக்காவில் போல, விளையாட்டுக்காகவே புலமைப்பரிசில் தந்து மாணவரை அழைப்பதில்லை. தேசிய அல்லது சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதி ஏற்பாட்டின் கீழ் விண்ணப்பிக்கலாம்; ஆனால் உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தி பெற்றிருக்க வேண்டும். இதைப் பையனிடம் மட்டும் சொல்லாமல், வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனிடமும் சொல்லுங்கள், பயிற்சி நேரத்தைப் பாட நேரத்துடன் மோதாதபடி அமைத்தும் கொடுங்கள். தேசிய மட்டச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பாடசாலை அலுமாரியில் விட்டுவிடாமல் பையனின் கையில் கொடுப்பிக்க வேண்டும். அதிலுள்ள பெயரின் எழுத்துகளும் முதலெழுத்தும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடும் அடையாள அட்டையோடும் ஒத்துப்போகின்றனவா என்று கையில் வாங்கிய அன்றே சரிபாருங்கள்.