முதல் எம்1 ராணுவ ஹெல்மெட்: பார்த்து வாங்குவது எப்படி?

பழைய ராணுவ ஹெல்மெட் சேகரிக்கப் போகிறீர்களா? அமெரிக்க எம்1-இல் தொடங்குங்கள். 1941-இல் வந்தது, 1980-கள் வரை புழக்கத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே 2 கோடிக்கு மேல் தயாரித்தார்கள். அதனால் இன்றும் கிடைக்கிறது, பேரம் பேசவும் இடமுண்டு. ஜெர்மன் ஹெல்மெட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். விலையும் அதிகம், போலியும் அதிகம்.

படி 1: விளிம்பு
ஹெல்மெட்டைக் கவிழ்த்து, ஓரத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய பட்டையை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பட்டையின் இரு முனைகளும் சேரும் இடம் தட்டுப்படும். அது நெற்றிப் பக்கம் இருந்தால் 1944 கடைசிக்கு முன் செய்தது. பின்கழுத்துப் பக்கம் என்றால் அதற்குப் பிறகு. “நார்மண்டியில் இறங்கிய வீரர் போட்டிருந்தது” என்று ஒருவர் விற்கிறார், இணைப்போ பின்னால் இருக்கிறது. பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் அந்தத் தரையிறக்கம் நடந்தது 1944 ஜூனில். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

முன் இணைப்பு உள்ளவற்றில் பட்டை துருப்பிடிக்காத எஃகு. அதில் பெயிண்ட் சரியாக ஒட்டாது. ஓரம் உரிந்து பளபளவென்று தெரிந்தால் அது குறையல்ல, நல்ல அறிகுறி.

படி 2: வளையம்
தாடை வாரைப் பிடித்திருக்கும் வளையம் அசையாமல் பற்றவைத்திருந்தால் பழையது. கீழே விழுந்தாலே உடைந்துவிடும் என்பதால் 1943-இல் அசையும் வளையத்துக்கு மாறினார்கள். அசையாத வளையத்துக்கு விலை கூடுதல்.

படி 3: முத்திரை
உள்பக்கம், முன்விளிம்புக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த எஃகு வார்ப்பிலிருந்து வந்தது என்று குறிக்கும் எண், கூடவே ஓர் எழுத்தும் குத்தியிருக்கலாம். எண்ணோடு தனியாக ‘எஸ்’ இருந்தால் ஷ்லூட்டர் கம்பெனி செய்தது. போர்க்காலத்தில் பெரும்பங்கு செய்தது டெட்ராய்டின் மெக்கார்ட்.

படி 4: காந்தம்
சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போர்க்கால எம்1 மாங்கனீஸ் அதிகம் கலந்த எஃகு, காந்தம் ஒட்டாது. உச்சியில் ‘டப்’பென்று ஒட்டினால், எம்1-ஐப் பார்த்து ஐரோப்பிய நாடுகள் பின்னாளில் செய்துகொண்ட ஹெல்மெட்டாக இருக்கலாம். அதுவும் சேகரிக்கத் தக்கதுதான், ஆனால் எம்1 விலை கொடுக்காதீர்கள்.

எஃகு ஓட்டுக்குள்ளே பொருந்தும் உள் தொப்பிதான் லைனர், அது தனிப் பொருள். போருக்குப் பிறகு ராணுவமே பழைய ஓட்டுக்குப் புது வார், புது லைனர் போட்டுத் திரும்பக் கொடுத்தது. காலம் பொருந்தவில்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியாது. விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள்.

படைப்பிரிவுச் சின்னம் வரைந்திருக்கிறதா? அங்கேதான் மோசடி அதிகம். பாராசூட் வீரர்களின் ஹெல்மெட் என்றால் இன்னும் உஷாராக இருங்கள். முதல் ஹெல்மெட் வெறும் பச்சையாகவே இருக்கட்டும்.

வாங்கியாச்சா? சரி, துடைப்பதற்கு ஈரத்துணி போதும். கம்பி பிரஷ், புதுப் பெயிண்ட் இரண்டும் கூடாது. மரத்தூள் தூவியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும் அந்தக் கார்க் கலந்த பெயிண்டுக்குத்தான் பாதி விலையே. அப்புறம், தோல் பட்டை உள்ள லைனரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பைக் ஓட்டவும் இது வேண்டாம்.